அடுக்களைத் தபால்: பாம் ஷார்ட்டனிங் டப்பாவை என்ன செய்வது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. ஆர்கானிக் பாம் ஷார்ட்டனிங், அதாவது பாமாயிலிலிருந்து செய்த, பேக்கிங்குக்கான கெட்டிக் கொழுப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள், இல்லையென்றால் ஆன்லைனில் தருவித்துக் கொடுக்கிறார்கள். மூடியைத் திறந்தால் வெள்ளையாக, வாசனையே இல்லாமல் ஒரு கொழுப்பு. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு எழுதுகிறீர்கள். ராணிப்பேட்டையில் மாமனாரின் பேக்கரியில் பல வருடம் மாவோடு மல்லுக்கட்டியவள், இப்போது காட்பாடியில் வீட்டிலேயே வகுப்பு எடுப்பவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, வெண்ணெய்க்குப் பதிலாக அதே அளவு ஷார்ட்டனிங் போட்டு நான்கட்டாய் செய்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது, அதில் குறையில்லை. ஆனால் சுவையே இல்லை, கையெல்லாம் பிசுக்கு. தவறு எங்கே?
— வாசகி, சத்துவாச்சாரி

அளவில்தான் தவறு. கடை வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு. 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர், மீதி பாலின் கசடு. ஷார்ட்டனிங் முழுக்க முழுக்கக் கொழுப்பு. நூறுக்கு நூறு மாற்றினால் மாவில் கொழுப்பு கூடுகிறது, தண்ணீர் காணாமல் போகிறது. அதனால்தான் பிசுக்கு. வெண்ணெய் 100 கிராம் என்று குறிப்பில் இருந்தால் ஷார்ட்டனிங் 80 கிராம் எடுத்துக்கொண்டு ஒரு மேசைக்கரண்டி பால் சேருங்கள். கணக்கு சரியாகிவிடும்.

சுவை வேறு விஷயம். வெண்ணெய் பிஸ்கட்டின் மணம் கொழுப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. பாலின் கசடு அடுப்பில் சிவக்கும்போது வருகிறது. ஷார்ட்டனிங்கில் சிவப்பதற்கு ஒன்றும் இல்லை. வாசனை நீக்கும் வேலையை ஆலையிலேயே முடித்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். ஆகவே மணத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். நான் செய்யும் அளவு இது: ஷார்ட்டனிங் 80 கிராம், வீட்டில் காய்ச்சிய நெய் 20 கிராம், பொடித்த சர்க்கரை 100, மைதா 130, கடலைமாவு 30, ரவை 20, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள். வெண்ணெயை உப்பில்லாமல் தின்னலாம், இதைத் தின்ன முடியாது. கொழுப்பையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை நன்றாகக் குழைத்து, பிறகு மாவு வகைகளைப் போட்டு விரல் நுனியால் சேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்தாதீர்கள். 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறியபின் இறுகும்.

பொலபொலப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றக் குழப்பங்களும் தீரும். மைதாவில் தண்ணீர் பட்டால் பசைத்தன்மை உண்டாகி இழைஇழையாக நீளும். பரோட்டாவுக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்கு வேண்டாம். கெட்டியான கொழுப்பு மாவுத் துகளை முதலில் சுற்றிக்கொண்டால் தண்ணீர் உள்ளே புகாது, இழை நீளாது, கடித்தால் உடையும். எண்ணெயும் மாவைச் சுற்றும், ஆனால் வழிந்து ஓடிவிடும். கெட்டிக் கொழுப்பு குழைக்கும்போது காற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், எண்ணெயால் அது முடியாது.

நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. வெயில். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டுவதை யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெண்ணெய் முப்பதை நெருங்கும் முன்பே தளர ஆரம்பித்துவிடும். மாவை உருட்டித் தட்டில் வைத்து அடுப்பு சூடாவதற்குள் பிஸ்கட் வட்டம் அகன்று தோசையாகிவிடும். எங்கள் பேக்கரி மாஸ்டர் சித்திரை, வைகாசியில் பப்ஸ் மாவை விடிவதற்கு முன்பே மடித்து முடித்துவிடுவார். அதற்குப் பிறகு மாவைத் தொட யாரையும் விடமாட்டார். பாம் ஷார்ட்டனிங் முப்பத்தைந்து டிகிரியை ஒட்டித்தான் உருகத் தொடங்கும் என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கொஞ்ச நேரம்தான். மே மாதத்து நண்பகலில் நம் சமையலறையில் இதுவும் குழைந்துதான் போகும், அளந்து எடுத்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து ஆரம்பியுங்கள்.

ரேஷன் கடைப் பாமாயிலும் அதே மரத்தின் எண்ணெய்தானே? அதை ஃபிரிட்ஜில் வைத்து உறைய விட்டால் ஷார்ட்டனிங் ஆகிவிடாதா? எதற்கு அவ்வளவு பணம்?
— வாசகர், ஆரணி

கேள்வி கேட்டவர் கணக்குப் பிள்ளையாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த கேள்வி.

மரம் ஒன்றுதான். மேற்கு ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட எண்ணெய்ப் பனை. (நம் கரும்பனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நுங்கு காய்க்கும் மரத்தில் இந்த எண்ணெய் வராது என்று இன்னும் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.) அதன் பழச் சதையைப் பிழிந்து எடுத்த எண்ணெயை மெல்லக் குளிரவைத்தால் இரண்டாகப் பிரியும். மேலே நிற்கும் திரவம் ஒலின், அடியில் உறையும் பகுதி ஸ்டியரின். 25 ரூபாய்க்கு ரேஷன் கடையில் வரும் ஒரு லிட்டர் பாக்கெட் பாமோலின், அதாவது கெட்டிப் பகுதியைக் கழித்த எண்ணெய். மார்கழியில் ஏலகிரியிலும் சவ்வாது மலைக் கிராமங்களிலும் அது பாக்கெட்டுக்குள்ளேயே வெளுத்துக் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை, குளிரில் அது அப்படித்தான் உறையும்.

ஃபிரிட்ஜில் வைத்தால் உறையும். வெளியே எடுத்துச் சர்க்கரையோடு குழைக்க ஆரம்பித்த சில நிமிடத்தில் எண்ணெயாகி வழியும். கெட்டியாக நிற்க வேண்டிய பகுதியைத்தான் ஏற்கெனவே எடுத்துவிட்டார்களே! ஆலையில் கெட்டிப் பகுதியைப் போதுமான அளவு வைத்துக்கொண்டு, உருக்கி, கடைந்துகொண்டே மிக வேகமாகக் குளிரவைக்கிறார்கள். அதனால்தான் கரண்டி வைத்தால் வழுவழுவென்று வருகிறது. அதை வீட்டு ஃபிரிட்ஜால் செய்ய முடியாது. ரேஷன் பாமாயிலை வடைக்கும் அப்பளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொரிப்பதற்கு அது நல்ல எண்ணெய், நுரைத்துப் பொங்காது.

'ஆர்கானிக்', 'கொலஸ்ட்ரால் இல்லை', 'டிரான்ஸ் கொழுப்பு இல்லை' என்று மூன்றும் அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் நெய்யைவிட இது உடம்புக்கு நல்லதா? என் கணவருக்கு இதயச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது.
— வாசகி, காட்பாடி

அம்மா, மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் சேர்ந்தும் நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை.

'கொலஸ்ட்ரால் இல்லை' என்பதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கொலஸ்ட்ரால் விலங்குக் கொழுப்பில் வருவது. செடியிலிருந்து வரும் எந்த எண்ணெய் டப்பாவிலும் இந்த வாசகத்தை அச்சிடலாம். நம் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்புக்குத்தான். பாமாயிலில் சுமார் பாதி அதுதான்.

'டிரான்ஸ் கொழுப்பு இல்லை' என்பதில் விஷயம் இருக்கிறது. எங்கள் மாமனார் காலத்தில் பேக்கரி என்றால் வனஸ்பதி. டால்டா 1937-இல் வந்து இந்தியச் சமையலறைகளையே பிடித்துக்கொண்ட கதை பழைய தலைமுறைக்குத் தெரியும். திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்குவார்கள். அந்த வேலையைப் பாதியில் நிறுத்தும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகும். அது இதயத்துக்கு நெய்யைவிடக் கேடு. பாம் ஷார்ட்டனிங் இயல்பிலேயே கெட்டி, ஹைட்ரஜன் தேவையில்லை, ஆகவே டிரான்ஸ் கொழுப்பு வர வழியில்லை. ஆனால் ஒன்று. 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டிலும் எண்ணெய், கொழுப்பு எதிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதற்கு முந்தைய வருடம் 3 சதவீதம். ஆகவே பழைய வனஸ்பதியோடு ஒப்பிட்டுப் பெருமைப்படும் அளவுக்கு இந்த டப்பாவுக்கு இன்று தனிச் சிறப்பு கிடையாது.

'ஆர்கானிக்' தோட்டத்தைப் பற்றிய செய்தி. செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் வளர்த்தார்கள், பதப்படுத்தும்போதும் அதற்கான விதிகளுக்கு உட்பட்டார்கள் என்று பொருள். நல்ல விஷயம்தான், தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் மண்ணுக்கும் நல்லது. இங்கே விற்பதாக இருந்தால் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் உரம் மாறியதால் கொழுப்பின் தன்மை மாறாது. சில டப்பாக்களில் 'இரசாயனக் கரைப்பான் இல்லாமல் பிழிந்தது' என்றும் பெருமையாகப் போட்டிருக்கும். பனைப் பழச் சதையின் எண்ணெயை எல்லோருமே நீராவியில் வேகவைத்துப் பிழிந்துதான் எடுக்கிறார்கள். காட்டை அழித்து நட்ட தோட்டமா என்ற கேள்விக்கும் ஆர்கானிக் முத்திரை முழுப் பதில் ஆகாது. அதற்கு ஆர்.எஸ்.பி.ஓ. (சுற்றுச்சூழலைக் கெடுக்காத பாமாயிலுக்காக 2004-இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பு) தருவது போன்ற தனிச் சான்று இருக்கிறது. நமக்கு வரும் ஆர்கானிக் டப்பாக்களில் கொலம்பியா, ஈக்வடார் என்று போட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், ஆர்கானிக் பாமாயில் பெரும்பாலும் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

இன்னும் ஒன்று. பாமாயிலை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாசனை நீக்கும்போது வேண்டாத சில சேர்மங்கள் உருவாகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது. வாசனை நீக்கிய ஆர்கானிக் எண்ணெய்க்கும் இது பொருந்தும். பீதி வேண்டாம், தினசரிப் பொருளாக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஒரு மேசைக்கரண்டியில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் ஷார்ட்டனிங்கில் சுமார் 6 கிராம், வெண்ணெயில் 7, நெய்யில் 9, தேங்காய் எண்ணெயில் 11-க்கு மேல். நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆகவே நெய்யைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் நெய்யை நீங்கள் சாதத்தில் அரைக் கரண்டி விடுவீர்கள், இதை பிஸ்கட்டில் 80 கிராம் போடுவீர்கள். வித்தியாசம் அங்கேதான் அடிபட்டுப்போகிறது. உங்கள் கணவருக்கு எந்த அளவு சரி என்பதை அவரைப் பார்க்கும் இதய மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அளவாகப் போதும். இந்த டப்பாவைப் பேரப்பிள்ளைகளின் பிஸ்கட்டுக்கு வையுங்கள், அதுவும் பண்டிகைக்கு.

மக்கன் பேடாவை ஷார்ட்டனிங்கில் பொரித்தால் கடை போலவே வருமா?
— வாசகி, ஆற்காடு

மக்கன் பேடாவுக்குப் பேர்போன ஆற்காட்டிலிருந்தே இப்படியொரு கேள்வியா!

பொரியும். இந்தக் கொழுப்பு எளிதில் புகையாது, நிறமும் சீராக ஏறும். வம்பு அதற்குப் பிறகுதான். மக்கன் பேடாவை நாம் சுடச்சுடத் தின்பதில்லை. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம், திராட்சை வைத்து, நிதானமான சூட்டில் பொரித்து, பாகில் ஊறவிட்டு, ஆறியபின்தான் தின்கிறோம். ஆறும்போது பேடா குடித்த ஷார்ட்டனிங் உறைந்து பாகின் மேல் வெள்ளை ஏடாகக் கட்டும். நெய்யும் உறையும். ஆனால் உறைந்த நெய் நாக்கில் பட்டதும் கரைந்து மணக்கும். இது மணமில்லாமல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடித்தாலும் போகாது. நெய்யில் பொரியுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் மணமில்லாத எண்ணெயில் பொரித்து, மாவு பிசையும்போது மட்டும் இரண்டு கரண்டி நெய் விடுங்கள். நவாப் காலத்து இனிப்பு என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோம். அதற்காகவாவது டப்பாவைத் தள்ளி வையுங்கள்.

பாகோ வெல்லமோ சேர்த்துப் பொரித்து, ஆறவைத்துத் தின்னும் எல்லா இனிப்புக்கும் இதே பதில்தான். அதிரசம், பாதுஷா, சோமாஸ் கேட்டவர்களும் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

முறுக்கு மாவில் வெண்ணெய்க்குப் பதில் போடலாமா?
— வாசகி, வாணியம்பாடி

போடலாம். இரண்டு கப் அரிசிமாவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, உருக்கிச் சூடாக. அதற்கு மேல் போனால் முறுக்கு எண்ணெயிலேயே பிரிந்து தூளாகும்.

எங்கள் பையனுக்குப் பால் ஒவ்வாமை. நெய் பட்டாலே தடிப்பு வருகிறது. ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு கேக்காவது செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை. இந்த ஷார்ட்டனிங் உதவுமா?
— ஒரு தாய், பாகாயம்

உதவும். இந்த டப்பாவை வாங்கியதற்கு நியாயமான காரணம் வைத்திருப்பவர் இந்த மாதம் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

இதில் பால் இல்லை. ஆனால் டப்பாவின் பின்பக்கத்தில் ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் படியுங்கள். பால் பொருள்கள் கையாளும் ஆலையில் தயாரானது என்று இருந்தால் வேண்டாம். மார்ஜரின் வாங்கிவிடாதீர்கள், பலவற்றில் பால் கசடு சேர்ப்பார்கள். குறிப்பில் வெண்ணெய் 125 கிராம் என்றால் ஷார்ட்டனிங் 100 கிராம், அதோடு 25 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால். பாலுக்குப் பதிலும் தேங்காய்ப்பால்தான். உப்பும் வனிலாவும் தாராளமாக.

மேல் பூச்சுக்கு ஷார்ட்டனிங் 200 கிராம், ஐசிங் சர்க்கரை 400 கிராம், இரண்டு மூன்று கரண்டி தேங்காய்ப்பால், கால் தேக்கரண்டி உப்பு. நன்றாக வெளுக்கும் வரை அடியுங்கள். வெண்ணெய்ப் பூச்சு கேக் வெட்டுவதற்குள் நழுவிவிடும் வெயிலில் இது பூவிதழ் கலையாமல் நிற்கும். பேக்கரிக்காரர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். (ஒவ்வாமை இல்லாத வீட்டில் பாதி வெண்ணெய், பாதி ஷார்ட்டனிங் போட்டால் சுவையும் கிடைக்கும், நிற்கவும் நிற்கும்.) கரண்டி, பாத்திரம், தட்டு எல்லாவற்றையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெண்ணெய் தொட்ட கரண்டி ஒன்று போதும், பிள்ளைக்குத் தடிப்பு வர. புதிதாக ஒன்றைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிள்ளைக்கு என் ஆசிகள்.

உதிரி நெய்யில் இதைக் கலந்து விற்கிறார்களோ என்று சந்தேகம். உப்பு அமிலமும் சர்க்கரையும் விட்டுக் குலுக்கினால் சிவப்பாகும் என்கிறார்களே, செய்து பார்க்கலாமா?
— வாசகர், குடியாத்தம்

வேண்டாம். அமிலத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது ஒரு தப்பு. இரண்டாவது, அந்தச் சோதனை கண்டுபிடிப்பது வனஸ்பதியைக்கூட அல்ல, நல்லெண்ணெயை! நெய்யில் வனஸ்பதி கலப்பதைப் பிடிப்பதற்காகவே, வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் அரசு விதி வைத்தது. அமிலத்தோடு சேர்ந்து சிவப்பு காட்டுவது அந்த நல்லெண்ணெய். எவ்வளவு கெட்டிக்கார யோசனை பாருங்கள். ஆனால் பாம் ஷார்ட்டனிங்கில் நல்லெண்ணெய் இல்லை, அதைக் கலந்திருந்தால் நிறம் மாறாது, நீங்களும் சுத்தமான நெய் என்று நம்பி வாங்குவீர்கள். ஆய்வகத்தில் பால் கொழுப்புக்கே உரிய ஆவியாகும் அமிலங்களை அளந்து பார்ப்பார்கள். நாம் செய்யக்கூடியது எளிது: அக்மார்க் முத்திரையுள்ள நெய் வாங்குங்கள், அல்லது ஒரு கிலோ வெண்ணெய் வாங்கி வீட்டில் காய்ச்சுங்கள். முக்கால் கிலோவுக்கு மேல் நெய் நிற்கும், முருங்கைக்கீரைக்குக் கசடும் மிஞ்சும்.

கோடையில் உருகி, பிறகு உறைந்ததும் மணல்போல் நறநறவென்று ஆகிவிட்டது. கெட்டுவிட்டதா?
— வாசகி, திருப்பத்தூர்

கெடவில்லை. உருகியபின் மெதுவாக உறைந்தால் பெரிய படிகங்களாகக் கட்டும். முழுவதும் உருக்கி, கிண்ணத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து, கெட்டியாகும் வரை விடாமல் கிளறுங்கள், ஏறக்குறைய பழைய வழுவழுப்பு வரும். முறுக்குக்கு என்றால் அதுகூட வேண்டாம், எப்படியும் உருக்கத்தானே போகிறீர்கள். பழைய எண்ணெய்க் காறல் வாடை வந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈரக் கரண்டி போடாமல், அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான அலமாரியில் வையுங்கள். சித்திரை பிறந்தால் ஃபிரிட்ஜில்.

ஆம்பூர் பிரியாணிக்கு நெய்க்குப் பதில் இதைச் சேர்க்கலாமா?
— வாசகர், பேர்ணாம்பட்டு

கூடாது. ஆம்பூர் பிரியாணி எண்ணெயிலும், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயிலும், சீரகச் சம்பாவிலும் நிற்கிறது. உதிர வேண்டிய மைதா அதில் எங்கே இருக்கிறது? மிச்சப்படும் நேரத்தில் தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். அதற்கும் நல்லெண்ணெய்தான்.